மேஸ்திரிக்குச் சுண்ணாம்பு

முட்டை உடையவில்லை.

அடுப்பு மேடையின் விளிம்பில் தட்டினால் டக் என்று ஒரு சத்தம் வரும். பாதித் தூக்கத்தில் நின்று சமைக்கிறவளுக்கு அந்தச் சத்தம் போதும், மிச்ச வேலையைக் கை தானாகச் செய்துவிடும். அன்று காலை அந்தச் சத்தம் வரவில்லை. விளிம்பில் பட்ட முட்டை உள்ளே அமுங்கி, ஒரு கணம் அப்படியே இருந்து, மெல்லப் பழைய உருண்டைக்குத் திரும்பியது. அவள் அதைக் கையில் ஏந்திப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஓடு இருக்க வேண்டிய இடத்தில் ஈரத் தோல்தான் இருந்தது. தட்டில் இருந்த மற்றவற்றையும் அழுத்தினாள். எல்லாம் அதே லட்சணம்.

“தோல்முட்டையை உன் தலையில கட்டிட்டான் கடைக்காரன்,” என்றாள் அக்கா, கொட்டாவிக்கு நடுவில். “தூங்கிக்கிட்டே கடைக்குப் போனா இப்படித்தான்.”

“நேத்து இதே தட்டுல இருந்துதானே எடுத்து உடைச்சேன். நல்லாத்தானே இருந்துச்சு.”

“நேத்து நீ முழிச்சிருந்தியா?”

அவள் சரியாக முழித்திருந்தே பல மாதங்கள் ஆகின்றன. ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வீட்டுக்காரர் இருந்தவரை ஒரு ஷிஃப்ட், அவர் போனபிறகு பெரும்பாலும் இரண்டு. நாள் முழுக்க ஊரார் எலும்பைப் பார்த்துவிட்டு, ‘மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடுங்க’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டு, வீடு வந்து சேரும்போது தன் மூச்சை விடுவதற்கே யாராவது நினைவுபடுத்த வேண்டும் போலிருக்கும். மகளைப் பார்த்துக்கொள்ள அக்கா வந்து கூடவே தங்கியிருந்தாள். இல்லாவிட்டால் குடும்பம் என்றோ படுத்திருக்கும்.

மகளுக்கு ஏழு வயது. அப்பா வைத்த பட்டப்பெயர் சில்வண்டு. வாய் ஓயாத பிள்ளை என்பதால் வைத்தது. ஒருநாள் வேலைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. அன்றோடு சில்வண்டின் வாய் மூடிக்கொண்டது. பள்ளிக்கூடத்திலும் பேச்சில்லை, வீட்டிலும் பேச்சில்லை. முற்றத்தைப் பார்த்த அறையின் ஓரத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த ஆமைக்குட்டியிடம் மட்டும் உதட்டை அசைப்பாள். சத்தம் வராது. அந்த ஆமை அப்பா கடைசியாக வாங்கி வந்தது. பிஸ்கட் அளவுதான் இருக்கும். தொட்டியில் கிடந்த கூழாங்கற்களை நாளெல்லாம் மூக்கால் தள்ளித் தள்ளி ஒரு மூலையில் அடுக்கிக்கொண்டே இருந்ததால், மேஸ்திரி என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

அந்த மேஸ்திரிக்குத்தான் உடம்பு சரியில்லை. முந்தின நாள் மாலை மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

டாக்டர் ஆமையைக் கவிழ்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், பெருவிரலை அதன் முதுகில் வைத்து லேசாக அழுத்தினார். விரல் உள்ளே போனது.

“இந்த வயசுல ஓடு உங்க நகம் மாதிரி இருக்கணும். கொஞ்சம் வளையலாம், இப்படி அமுங்கக் கூடாது. என்ன போடுறீங்க?”

“காஞ்ச இறாலு.”

“அது மட்டும் போட்டா எப்படி? கீரை, கால்சியம் பொடி எல்லாம் வேணும். எல்லாத்துக்கும் மேல வெயில் வேணும். வெயில் படலைன்னா பொடியைக் கரைச்சுக் குடிச்சாலும் உடம்புல ஒட்டாது. இந்த மழையில வெயிலுக்கு எங்க போவீங்க? கடையில வெயில் விளக்குன்னு கேளுங்க, குடுப்பான்.” பிறகு சிறுமியைப் பார்த்து, “நீதான் டாக்டர். தினம் காலையில பெருவிரலால லேசா அழுத்திப் பாரு. அமுங்குதா அமுங்கலையான்னு அம்மாகிட்ட சொல்லணும், சரியா?” என்றார். சில்வண்டு வெளியே போனதும் குரலைத் தாழ்த்தி, “ரொம்ப முத்திப்போச்சும்மா. பிழைச்சா ஆச்சரியம்,” என்றார்.

கடையில் வெயில் விளக்கு இல்லை. சரக்கு வர அடுத்த வாரம் ஆகும் என்றான் கடைக்காரன். வீட்டுக்கு வந்து, மகளைத் தூங்கவைத்துவிட்டு, அவள் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாசி வாடை, ஈரச் சுவர் வாடை, வெளியே ஓயாத மழை. மேஸ்திரி கல்லின் மேல் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது. இதுவும் போய்விட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று நினைத்தாள். நினைக்கக்கூடத் தெம்பு இல்லை. எரிச்சலும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன.

“உனக்கு என்ன எழவு வேணுமோ எடுத்துக்கோ,” என்றாள் அதனிடம். “இந்த வீட்டுல எது வேணும்னாலும் எடுத்துக்கோ. செத்து மட்டும் தொலைச்சிடாதே.”

களைத்துப்போனவர்கள் பேசுகிற பேச்சு. யாரும் கணக்கில் வைப்பதில்லை. மேஸ்திரி மட்டும் கழுத்தைத் தூக்கி அவளை ஒரு முறை பார்த்தது.

மறுநாள் காலையில்தான் அந்த முட்டை.

அன்று சில்வண்டு தொட்டிக்குள் கையை விட்டு, டாக்டர் சொன்ன மாதிரியே நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அமுங்கவில்லை. அம்மாவும் அழுத்திப் பார்த்தாள். முழுக்கக் கெட்டி என்று சொல்ல முடியாது, ஆனால் நேற்றுப் போல் இல்லை. ஒரே இரவில். விளக்கும் இல்லை, பொடி டப்பாவின் மூடிகூடத் திறக்கவில்லை.

“பாத்தியா, டாக்டரு சும்மா பயமுறுத்தியிருக்காரு,” என்றாள் அக்கா. “மேஸ்திரிக்கு எங்கேயோ சுண்ணாம்பு கிடைச்சிடுச்சு.”

அந்த வாரம் முழுக்க மழை பெய்தது. பகலிலும் விளக்குப் போட்டால்தான் வீட்டில் முகம் தெரியும். மேஸ்திரி நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வந்தது. கல்லின் மேல் ஏறி இறங்கியது, நீட்டிய கீரையைக் கவ்வி இழுத்தது, முதுகோட்டின் விளிம்பில் நகக்கண் போல ஒரு வெள்ளை வளையம் புதிதாக வளர்ந்தது. கண்ணாடியில் மோதும்போது முன்பெல்லாம் ஈரத்துணி பட்ட மாதிரி சப்பென்று கேட்கும். இப்போது டொக் என்று கேட்டது. யாரோ ஒரு விரல் முட்டியால் கதவைத் தட்டுகிற சத்தம். அடுப்படியில் இருக்கும்போது அவள் இரண்டு தடவை வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, யாருமில்லாத படிக்கட்டைத் திட்டிவிட்டு வந்தாள்.

தொட்டிக்குப் பின்னாலிருந்த சுவரில் வெள்ளை போய், சிமெண்ட் சாம்பலாகத் தெரிந்தது. மழை ஈரம் என்று நினைத்தாள். ஆனால் உதிர்ந்த பொடி தரையில் இல்லை. மேலே அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது, அதில் அவரும் சில்வண்டும் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகள். தூசி தட்ட எடுத்தபோது ஜாடி கலகலவென்று சத்தம் போடவில்லை. உள்ளே கைவிட்டாள். சிப்பிகள் ஊறவைத்த தோலாக விரலில் வழுக்கின. மூடியைப் போட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கையை வெகுநேரம் சோப்பு போட்டுக் கழுவினாள். ஏன் என்று யோசிக்க வேண்டும்தான். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

அக்காதான் டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து விழுந்த பல்லியைக் கூட்டி எடுத்தாள். செத்த பல்லி விறைத்திருக்கும். இது துடைப்பத்தின் நுனியில் நூலாகத் தொங்கியது.

“என் கால் ரெண்டும் இதே மாதிரிதான் இருக்குடி,” என்றாள் அக்கா சிரித்துக்கொண்டே. “நிக்கும்போது முட்டி எந்தப் பக்கம் மடங்கும்னு எனக்கே தெரியலை.”

“வயசாயிடுச்சுக்கா உனக்கு.”

“உனக்கு மட்டும் என்ன, இப்பதான் பூப்பெய்தினியா? உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாரு.”

பார்க்க நேரமில்லை. பார்த்திருந்தால், தாடை கொஞ்சம் தளர்ந்திருப்பது தெரிந்திருக்கும். சாப்பிடும்போது பல் ஆடியது, ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றாள். படியேறும்போது காலெலும்பு குடைந்தது. களைப்பு. எல்லாவற்றுக்கும் அவளிடம் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. சில்வண்டு ஒருநாள் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி முகத்தைச் சுளித்தபோதும், “வளர்ற வலிடா கண்ணு, எல்லாப் பிள்ளைங்களுக்கும் வரும்,” என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்தாள்.

அதற்கு அடுத்த நாள்தான் சில்வண்டு பேசினாள்.

அவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மகள் தொட்டிக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து, அதை மறைத்தபடி நின்றிருந்தாள். வாய் திறந்தது. பல மாதத்துத் துரு ஏறிய குரல்.

“ஓடு,” என்றாள்.

அவள் மாட்டிய செருப்பை உதறினாள். ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டு, “ஆமாடா தங்கம், ஓடு, மேஸ்திரியோட ஓடு, கெட்டியாயிடுச்சு பாரு,” என்று அழுதாள். அக்காவும் அழுதாள். சில்வண்டு அவர்கள் இருவரின் தோளுக்கு மேலாக வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தினமும், அம்மா வீட்டுக்குள் கால் வைக்கிற நேரமெல்லாம், அதே இடத்தில் அதே மாதிரி கையை விரித்து நின்று அந்த ஒரு சொல்லைச் சொன்னாள். அம்மாவும் தினமும், “கெட்டியாயிடுச்சும்மா,” என்றாள். ஒரு சொல்லை மீட்டுக் கொடுத்த ஆமைக்கு மானசீகமாக ஒரு கும்பிடும் போட்டாள்.

அந்த வாரக் கடைசியில் அக்காவால் எழுந்து நிற்கவே முடியவில்லை. அக்கா மகன் வந்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். “ரெண்டு நாள்ல வந்துடுறேன்,” என்று அக்கா அவன் தோளிலிருந்து சொன்னாள். கீழ் வீட்டுத் தையல்காரம்மா பிள்ளையை அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள். வேறு வழியில்லை. லீவு கேட்டால் வேலையை விட்டே போகச் சொல்வார்கள்.

இடையில் மிருக டாக்டருக்குப் போன் செய்து நல்ல சேதி சொன்னாள். அவருக்கு அது நல்ல சேதியாகப் படவில்லை.

“விளக்கு வாங்கிட்டீங்களா?”

“இன்னும் வரலை சார்.”

“பொடி?”

“பிரிக்கவே இல்லை.”

“ஓடு தானா கெட்டியாகாதும்மா. எங்கேயிருந்தோ எடுத்திருக்கணும்,” என்றார். “ஒரு தடவை கொண்டு வாங்க, பார்ப்போம்.” மழை விட்டதும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மழை விடவில்லை. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். அன்று ஸ்கேன் சென்டரில் கூட்டம். கை உடைந்த ஒரு சின்னப் பையன் பலகையில் கையை வைக்க மாட்டேன் என்று ஆர்ப்பாட்டம் செய்தான். அவன் அம்மா கர்ப்பிணி, அறைக்குள் நிற்கக் கூடாது. அதனால் இவளே ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு, பையனின் மணிக்கட்டைத் தன் கையால் அழுத்திப் பிடித்துப் படம் எடுத்தாள். செய்யக் கூடாததுதான், அவசரத்துக்கு எல்லாரும் செய்கிறதுதான்.

படம் திரையில் வந்தது. பையனின் எலும்பு வெள்ளை வெளேரென்று, விரிசலோடு, பளிச்சென்று விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் அவளுடைய விரல்கள் இருக்க வேண்டும். சதையின் மங்கலான நிழல் மட்டும் இருந்தது. ஐந்து புகைக் கோடுகள். அவற்றில் ஒன்றின் நடுவே, எதன் மேலும் மாட்டாமல், வீட்டுக்காரர் போட்ட மோதிரம் தனியாக மிதந்தது.

கதிர் போதாமல் எக்ஸ்போஷர் குறைந்துவிட்டது என்று நினைத்தாள். எத்தனை வருடப் பழக்கம், படம் மங்கினால் கருவியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் பையனின் எலும்பு நன்றாக விழுந்திருக்கிறதே. ஒரே படம். ஒரே கதிர்.

அவள் தன் கையைப் பார்த்தாள். இன்னொரு கையால் ஆள்காட்டி விரலைப் பிடித்து, மெல்லப் பின்னால் வளைத்தாள். அது வளைந்தது. வலிக்கவில்லை. இன்னும் வளைந்தது.

பையிலிருந்த போன் அடித்தது. அக்கா.

“என்னடி பண்றே? எனக்கு இப்ப எவ்வளவோ தேவலை. இங்க வந்ததும் எழுந்து நடமாட ஆரம்பிச்சுட்டேன். டாக்டருக்கே ஆச்சரியம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.” அக்காவின் குரலில் பழைய கிண்டல் திரும்பியிருந்தது. “நம்ம சில்வண்டு சொன்னா சரியாத்தான் இருக்கும். அன்னைக்குக் கிளம்பும்போது என் காதுகிட்ட வந்து, ஓடுன்னாளா, நீ அதை ஆமையோட ஓடுன்னு சொல்லிக்கிட்டிருந்தே. எனக்கு என்னமோ, பெரியம்மா நீ ஓடிப்போயிடுன்னு என்னை விரட்டின மாதிரியே இருந்துச்சு.” அக்கா சிரித்தாள். “கேக்குதா? லைன்ல இருக்கியா?”

அவள் கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

தெருவில் முழங்காலளவு தண்ணீர். பொழுது இன்னும் சாயவில்லை என்றாலும் வானம் இருட்டிக் கிடந்தது. ஈயக் கவசம் தோளை அழுத்தியது, ஒவ்வொரு அடிக்கும் கால் கொஞ்சம் உள்ளே வளைந்து, கொஞ்சம் தாமதமாக நிமிர்ந்தது. சில்வண்டு கையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாளே. ஆமையை எங்களிடமிருந்து காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேனே. அதனிடமிருந்து எங்களைத்தானே மறைத்தாள். எத்தனை தடவை சொன்னாள். கெட்டியாயிடுச்சும்மா, கெட்டியாயிடுச்சும்மா என்று கிளிப்பிள்ளை மாதிரி பதில் சொன்னேனே. பாவி. நடந்துகொண்டே தன் வாயில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினாள். கை பாதியிலேயே தொய்ந்துவிட்டது.

தையல்காரம்மா வீடு பூட்டியிருந்தது. படிக்கட்டு. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித் தொங்கி ஏறினாள். மேலேயிருந்து சத்தம் கேட்டது.

டொக்.

ஒரு படி.

டொக்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே விளக்கு இல்லை. பாசி வாடை இல்லை. ஈர வாடையும் இல்லை. புதிதாகக் கட்டிய வீட்டின் வாடை அடித்தது. சுண்ணாம்பு வாடை.

தொட்டி உடைந்து கிடந்தது. தண்ணீர் தரையில் பரவி, அதன் நடுவில் சில்வண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் சாய்ந்திருந்தாள். சாய்ந்த பக்கம் கன்னமும் தலையும் சுவரோடு சுவராகத் தட்டையாக ஒட்டியிருந்தன.

அவள் தவழ்ந்து போனாள். எப்போது தவழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. மகளின் தலையில் கையை வைத்தாள். உச்சந்தலை. பிறந்த குழந்தைக்கு எண்ணெய் வைக்கும்போது துடிக்குமே, அந்த உச்சிக்குழி. மூடி எத்தனையோ வருடம் ஆயிற்று. பெருவிரல் உள்ளே போனது. துடிப்பு விரலடியிலேயே தெரிந்தது. வெடுக்கென்று கையை எடுத்தாள். பள்ளம் மெல்ல நிரம்பியது.

“ஓடு,” என்றாள் சில்வண்டு. வாய் கோணிக்கொண்டு வந்தது.

“தெரியும்டா. தெரியும் கண்ணு. புரிஞ்சிடுச்சு. வா, போயிடலாம். அம்மா தூக்கிக்கிறேன்.”

தூக்கினாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, மூட்டே இல்லாத இடத்தில், கை மடங்கியது. மகள் வழுக்கி மடியில் விழுந்தாள். வலி இல்லை. களைப்பு மட்டும். இத்தனை நாளும் இருந்த அதே களைப்பு. படுத்துக்கொள் என்றது.

“யாராவது,” என்று கத்தினாள். தாடை ஒத்துழைக்கவில்லை.

டொக்.

கட்டிலுக்கு அடியிலிருந்து.

டொக். டொக்.

மேஸ்திரி வெளியே வந்தது. பிஸ்கட் அளவெல்லாம் இல்லை இப்போது. முதுகு முழுக்க வெள்ளை. சுவரின் வெள்ளை, முட்டையின் வெள்ளை, சிப்பியின் வெள்ளை. விளிம்பைச் சுற்றி வரிசையாகப் பற்கள் போல முளைத்திருந்தன. அவசரமே இல்லாமல் வந்தது. மூக்கால் ஒரு கூழாங்கல்லைத் தள்ளிக்கொண்டு வந்தது. வாசலை மறித்துக் கொண்டுபோய் வைத்தது. திரும்பிப் போய் இன்னொன்றை எடுத்து வந்தது. அடுக்கியது.

மிச்சமிருந்த வெளிச்சம் கதவு வழியாக ஒரு சாண் அகலத்துக்கு வந்துகொண்டிருந்தது.

மடியில் கிடந்த சில்வண்டு கையைத் தூக்கினாள். எலும்பில்லாத கை, தண்ணீருக்குள் அசைகிற மாதிரி அசைந்து வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, பெருவிரலை அம்மாவின் நெற்றியில் வைத்தாள். லேசாக அழுத்தினாள்.

“அமுங்குதும்மா,” என்றாள்.